அத்தியாயம் 7: பழைய வீட்டின் புகைபோக்கி

கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் அமைந்த பெங்களூருவில், மார்கழி, தை மாதங்களின் இரவுக் குளிர் சாதாரணமாக 15, 16 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது வழக்கம். 1884 ஜனவரி 13 அன்று 7.8 டிகிரி வரை இறங்கியதும் பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்தின் பனிக்காலத்தோடு ஒப்பிட்டால் இது குளிரே அன்று எனினும், 1809-இல் ராணுவத் தண்டு இங்கே அமைந்த பின்னர் குடியேறிய ஆங்கிலேயர், தங்கள் தேச வழக்கத்தை விடமாட்டாதவர்களாய், ரிச்மண்ட் டவுன், பிரேசர் டவுன், ஒயிட்ஃபீல்ட் முதலிய இடங்களில் எழுப்பிய பங்களாக்கள் பலவற்றில் கணப்பையும் அதற்குரிய புகைபோக்கியையும் வைத்துக் கட்டினார்கள். 1898-இல் பிளேக் நோய் நகரைச் சூறையாடியதை ஒட்டி விரிவடைந்த பசவனகுடி, மல்லேஸ்வரம் முதலிய பேட்டைகளில் கணப்புக்கு இடமில்லாத வீடுகளிலுங்கூட, விறகு அடுப்புக்கும் குளியலறை வெந்நீர் அடுப்புக்கும் புகை வழி தேவையாக இருந்தது.

1905 ஆகஸ்டில் சிவனசமுத்திரத்து மின்சாரம் நகருக்குள் வந்தது; பிற்காலத்தில் சமையல் எரிவாயுவும் வந்தது. அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன; புகைபோக்கிகளோ கூரைமேல் நின்றுகொண்டே இருக்கின்றன. இந்த அத்தியாயத்தில் வாசகர் மனத்தில் பதியவேண்டிய முதல் உண்மை இதுவே: முறையாகப் பயன்படுத்திப் பராமரிக்கப்படும் புகைபோக்கியைவிட, யாரும் ஏறிட்டுப் பாராமல் கைவிடப்பட்டு, பின்னொரு குளிர்காலத்தில் ஆசையினால் திடீரென்று மூட்டப்படும் புகைபோக்கியே அதிக அபாயகரமானது. ஆகையால் பழைய வீட்டை வாங்குவோரும் பிதுரார்ஜிதமாகப் பெறுவோரும் முதலில் ஒரு நிச்சயத்துக்கு வரவேண்டும்: அதை உயிருடன் வைத்துக் காப்பதா, அல்லது முறைப்படி ஓய்வு கொடுப்பதா? இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்று இருக்கலாகாது.

புகை மேலே செல்லும் காரணம்

சூடான வாயு குளிர்ந்த வாயுவைவிட இலேசானது. குழலுக்குள் இருக்கும் சூடான வாயுவுக்கும் வெளியிலுள்ள காற்றுக்கும் எடையில் உள்ள வித்தியாசமே புகையை மேலே இழுக்கும் சக்தி; வெப்ப வித்தியாசமும் குழலின் உயரமும் அதிகரிக்க அதிகரிக்க அந்த இழுப்பும் அதிகரிக்கும். இந்த எளிய நியதியிலிருந்து பெங்களூரு வீடுகளுக்கென்றே உரிய ஒரு விளைவு பிறக்கிறது. இங்கே வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்துக்கும் வெளியிலுள்ள வெப்பத்துக்கும் பெரிய பேதம் இல்லாமையால், நெருப்பு மூட்டிய முதற் சில நிமிஷங்களில் இழுப்பு மிகவும் பலவீனமாக இருக்கும். குழலுக்குள் குளிர்ந்த காற்று கிணற்று நீர்போல் தேங்கி நின்று, புகையைக் கீழே தள்ளிவிடும். விறகை அடுக்கு முன்னர், ஒரு பழைய செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்திக் குழலின் வாய்க்கு நேரே பிடித்து அதைச் சற்றே சூடேற்றுவதும், ஒரு ஜன்னலைச் சிறிது திறந்து வைப்பதும் இதற்குப் பரிகாரம்.

இழுப்பு நிலைபெற்ற பின்னரும் புகை அறைக்குள் வருமாயின், குற்றம் அளவுகளில் இருக்கக்கூடும். குழலின் குறுக்குப் பரப்பு, கணப்பு வாயின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்காவது இருத்தல் வேண்டும். கூரைக்கு மேலுள்ள கூண்டு, கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தபட்சம் 3 அடியும், 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எந்த முகட்டையும் சுவரையும்விட 2 அடியும் உயர்ந்திருக்க வேண்டும் என்பது மேலைநாட்டுக் கட்டட விதி. அக்கம்பக்கத்துப் பங்களாக்கள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துவிட்ட தெருக்களில், நூறாண்டுகளாக ஒழுங்காக இயங்கிவந்த புகைபோக்கியும் உயரமான சுவரில் மோதித் திரும்பும் காற்றினால் புகையை உள்ளே கொட்டத் தொடங்குவது இதனால்தான். இக்கலையைச் சாஸ்திர ரீதியாக முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவரான ரம்ஃபோர்டு பிரபு, 1796-இல் வெளியிட்ட கட்டுரையில், கணப்பின் பக்கச் சுவர்களைச் சாய்வாக வைத்து, குழலின் தொண்டையைச் சுமார் 4 அங்குல அகலத்துக்குக் குறுக்கினால் புகை குறைந்து அறைக்கு வெப்பம் கூடும் என்று காட்டினார். தாறுமாறாக அகன்ற தொண்டையுள்ள பழைய கணப்புகளைத் திருத்துவோர் இன்றும் இதையே வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

அபாயங்கள் நான்கு

முதலாவது, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. நிறமோ மணமோ அற்ற இது, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பற்றுடன் பிணித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை வீட்டிலுள்ள பலருக்கு ஒரே சமயத்தில் தோன்றினால், அதை உணவின் கோளாறு என்று எண்ணி ஏமாந்துவிடாமல், எல்லோரும் உடனே வெளியே வந்து 108-ஐ அழைக்க வேண்டும். அடைபட்ட புகைபோக்கி மட்டுமன்று, கதவடைத்த படுக்கையறையில் கனலும் கரிக் குமுட்டியும் இதே எமன்தான்.

இரண்டாவது, குழலுக்குள் பற்றும் தீ. ஈர விறகின் புகை, குளிர்ந்த குழற்சுவரில் படிந்து கிரியோசோட் என்னும் தார் போன்ற பிசினாக இறுகுகிறது. அது ஒருநாள் தீப்பற்றினால் வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டலாம். செங்கல் வெடிக்கும், சாந்து உதிரும்.

மூன்றாவது, மறைந்திருக்கும் மரம். மெட்ராஸ் டெரஸ் தளங்களில் தேக்குக் கட்டைகளின் முனை புகைபோக்கியின் சுவருக்குள்ளேயே செருகப்பட்டிருப்பதுண்டு; மங்களூர் ஓட்டுக் கூரைகளில் கைமரமும் ரீப்பரும் செங்கல்லை உரசிக்கொண்டிருப்பதுண்டு. நெடுநாள் சூடேறிய மரம் உள்ளூரக் கருகி, புதிய மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் தன்மையை அடைகிறது. மரத்துக்கும் புகைபோக்கியின் புறச்சுவருக்கும் இடையே 2 அங்குல இடைவெளியேனும் அவசியம்.

நான்காவது, வீழ்ச்சி. கூரைக்கு மேல் நாற்புறமும் மழையையும் வெயிலையும் தாங்கும் கூண்டே வீட்டின் உறுப்புகளில் மிக விரைவில் நலிவது. மழை மிகுதியாக அறையும் பக்கத்துச் சாந்து, புகையின் கந்தக உப்புகளோடு கூடி உப்பிப் பெருக்கும்போது கூண்டு மறுபக்கமாக மெல்லச் சாய்கிறது.

பரிசோதிக்கும் முறை

பரிசோதனையைக் கீழிருந்து மேலாகச் செய்தல் நலம்.

1. கணப்புக்குள் பிரகாசமான டார்ச் விளக்கையும் கைக்கண்ணாடியையும் கொண்டு குழலை நோக்குக. வளைவில்லாத குழலாயின் வானம் தெரியவேண்டும். கூடு, சருகு, விழுந்த செங்கல் ஆகியவை தெரிந்தால் அவை அகலும்வரை நெருப்பு கூடாது. சில்வர் ஓக், தூங்குமூஞ்சி முதலிய பெருமரங்களின் நிழலில் நிற்கும் வீடுகளில் சருகு அடைப்பு சர்வசாதாரணம்.

2. சுவரைச் சுரண்டிக் கரியின் கனத்தைப் பாருங்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கனம் சேர்ந்திருந்தால் சுத்தம் செய்யும் காலம் வந்துவிட்டது. கண்ணாடிபோல் மினுங்கும் கெட்டியான பிசின் தென்பட்டால், அது சாதாரணத் தூரிகைக்கு இளகாது. அனுபவமுள்ளவரை அழைப்பதே முறை.

3. மேல்மாடி அறைகளிலும் பரணிலும் புகைபோக்கியின் சுவரைத் தடவிப் பாருங்கள். பழுப்புக் கறை, உப்புப் பூத்தல், கருகிய வாடை ஆகிய மூன்றும் கசிவின் அடையாளங்கள்.

4. கூண்டின் வாயை ஈரச் சாக்கினால் மூடி, கணப்பில் சிறிதளவு கனலில் சாம்பிராணி இட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த அறையில் எந்த இணைப்பு வழியாகப் புகை வருகிறதென்று வேறொருவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். ஒரே கூண்டுக்குள் முதுகோடு முதுகாக இரண்டு மூன்று குழல்கள் செல்லும் பங்களாக்களில், குழல்களுக்கு இடைப்பட்ட அரைச்செங்கல் சுவர் விட்டுப்போயிருந்தால், ஓர் அறையின் கணப்புப் புகை மற்றோர் அறையின் கணப்பு வழியே வெளிப்படும். சோதனை முடிந்ததும் கனலை வெளியே எடுத்துச் சென்று அணைத்துவிட்டு, சாக்கை அகற்ற மறவாதீர்கள்.

5. கூண்டின் ஓரமாகத் தூக்குக்குண்டு விட்டுச் சாய்வை அளங்கள். 8 அடி உயரத்துக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால், மேஸ்திரியோடு நின்றுவிடாமல் கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுவது அவசியம். சாய்ந்த கூண்டின்மீது ஏணியைச் சார்த்துவது ஒருக்காலும் கூடாது. தனிச் சாரம் கட்டியே ஏறவேண்டும்.

பழுதுபார்த்தல்: சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே

ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1868-இல் கட்டி முடித்த அட்டாரா கச்சேரி முதல் சாமானியக் குடியிருப்புகள் வரை, சிமெண்ட் இந்நாட்டில் பரவுவதற்கு முந்திய காலத்துக் கட்டடங்களை இணைத்து நிற்பது சுண்ணாம்புச் சாந்து. அது சிறிது நெகிழும். உண்ட ஈரத்தை மீண்டும் வெளிவிடும். விரிசல் கண்டவுடன் சிமெண்டைக் குழைத்து அப்புவது இன்று எங்கும் காணப்படும் வழக்கம். அதனால் விளையும் தீங்கு யாதெனில், கடினமான சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது தடுக்க, அந்த ஈரமும் அதில் கரைந்த உப்பும் மிருதுவான நாட்டுச் செங்கல்லின் வழியாகவே வெளிவர முயன்று, செங்கல்லின் முகத்தை ஏடு ஏடாக உரித்துவிடுகின்றன. சாந்து நிலைத்து நிற்க, செங்கல் கரைந்துபோன கூண்டுகளைத் தண்டுப் பகுதியின் பழைய தெருக்களில் இன்றும் காணலாம். உதிரவேண்டியது எளிதில் மாற்றக்கூடிய சாந்தேயன்றிச் செங்கல் அன்று என்பதை மேஸ்திரிக்கு முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

நலிந்த இணைப்புகளைச் சுமார் ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தூசியைப் போக்கி, தண்ணீர் தெளித்து நனைத்த பின்னர், நன்கு நீற்றிப் பல நாள் ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கும், மணலும் சுர்க்கியும் சேர்ந்து இரண்டரை முதல் மூன்று பங்கும் கலந்த சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். செங்கற்பொடியாகிய சுர்க்கி, சுண்ணாம்புக்கு மழையில் கரையாத உறுதியைத் தருகிறது. சுண்ணாம்பு கண்ணைப் பறித்துவிடும் தன்மையது. வேலை செய்வோர் கண்ணாடியும் கையுறையும் அணிதல் கட்டாயம். வேலை முடிந்த இடத்தை ஈரச் சாக்கினால் மூடி ஒரு வாரமேனும் நனைத்துவர வேண்டும். கோடை வெயிலில் அவசரமாகக் காய்ந்த சுண்ணாம்பு வெறும் பொடியாகும். நெருப்பு மூட்ட ஒரு மாதம் பொறுத்து, முதலில் சிறு தீயாகச் சிலநாள் எரித்து, பிறகே முழுத் தீக்குச் செல்லுதல் வேண்டும்.

நெருப்பு நேராகத் தாக்கும் கணப்பின் உட்சுவருக்குச் சுண்ணாம்பும் போதாது, சிமெண்டும் உதவாது. தீச்செங்கல்லும் அதற்குரிய தீக்களிமண் சாந்துமே தாங்கும். குழலின் உட்பூச்சு வேறு விஷயம். அக்காலத்து ஆங்கிலக் கொத்தர்கள் சுண்ணாம்போடு பசுஞ்சாணத்தைக் கலந்தே குழலின் உட்புறத்தைப் பூசினார்கள். சாணத்தின் நார் பூச்சுக்கு இழுவையைத் தந்து, சூட்டில் வெடிக்காமல் காத்தது. அந்தப் பூச்சு உதிர்ந்துவிட்ட குழலுக்குள் மீண்டும் கைவிட்டுப் பூசுவது பெரும்பாலும் இயலாத காரியமாதலால், மேலிருந்து கீழ்வரை 316 தரத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை இறக்குவதே இக்காலத்துச் சிறந்த பரிகாரம்.

கூண்டின் உச்சிக்கு, நான்கு மூலையிலும் செங்கல் நிறுத்தி, அதன்மேல் ஒரு சைஸ் கல் பலகையை நாற்புறமும் 2 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, நீர் வடிய அடிப்புறத்தில் காடி வெட்டினால், மழையும் தடுக்கப்படும், புகைக்கும் வழி இருக்கும். பக்கத் திறப்புகளில் அரை அங்குலக் கண்ணுள்ள உலோக வலை பொருத்தினால், பறவை நுழையாது; தீப்பொறியும் கூரைக்குப் பறக்காது. கூண்டு கூரையைச் சந்திக்கும் இடத்தில் ஈயத் தகடோ துத்தநாகத் தகடோ செங்கல் இணைப்புக்குள் செருகப்பட்டிருக்க வேண்டும். வெறும் தார் பூச்சு ஓரிரு மழைக்காலத்துக்கு மேல் நில்லாது.

கூண்டில் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் வெறுமனே ஒடித்து எறிவதால் பயனில்லை. வேர் சென்ற இணைப்பைத் திறந்து, வேரை முற்றும் எடுத்து, உடனே சாந்திட்டு அடைக்க வேண்டும். குழலில் கூகை குடியிருந்தால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவலாக இருக்கிறது; குஞ்சுகள் பறந்துசெல்லும்வரை வேலையைத் தள்ளிவைப்பதே தர்மம். தேனீக்கள் கூடு கட்டியிருந்தால் புகையிட்டுக் கொல்லாமல், தேனீ வளர்ப்பவரை அழைத்து வேறிடம் கொண்டுபோகச் செய்யலாம். அவை சென்றபின் மெழுகை முழுதும் சுரண்டி எடுக்காவிட்டால், முதல் நெருப்பிலேயே அது உருகித் தீப்பற்றும்.

சுத்தம் செய்வோரின் நலம்

குழலின் அளவுக்கேற்ற தூரிகையைக் கயிற்றிலோ இணைப்புக் கழியிலோ கட்டி இறக்கியும் ஏற்றியும் கரியை உதிர்க்க வேண்டும். கணப்பின் வாயை நனைந்த துணியால் மூடிவைத்தால் அறை பாழாகாது. இதைச் செய்பவருக்கு நல்ல முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை ஆகியவற்றை வாங்கித் தருவது வீட்டுக்காரரின் கடமை. இங்கிலாந்தில் சிறுவர்களைப் புகைக்குழலுக்குள் ஏறவிட்டுச் சுத்தம் செய்த கொடுமை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்தது. அவர்களுக்குப் பிற்காலத்தில் கரியினால் புற்றுநோய் உண்டாவதை 1775-இல் பெர்சிவல் பாட் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். ஒரு தொழிலினால் புற்றுநோய் விளைவதை உலகம் அறிந்தது அப்போதுதான். எனினும், சட்டங்கள் பல தோற்று, 1875-ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வழக்கத்துக்கு முடிவு கட்டிற்று. அத்தனை பாலகர்களின் துன்பத்தால் உலகம் கற்ற பாடத்தை, ஒரு முகமூடியின் விலைக்காக நாம் மறந்துவிடலாகாது.

விறகைப் பொறுத்தவரை, ஓராண்டேனும் உலர்ந்த சவுக்கு நன்று. வர்ணம் பூசிய மரம், பிளைவுட், பிளாஸ்டிக் ஆகியவற்றை எரிப்பது குழலுக்கும் கேடு, நுரையீரலுக்கும் கேடு. குழலில் பெரும் இரைச்சல் கேட்டு, கூண்டிலிருந்து பொறி பறந்தால், மூடுதகடு இருந்து அதைக் கைசுடாமல் எட்ட முடிந்தால் மூடி, கணப்பின்மேல் மணலைக் கொட்டி, அனைவரும் வெளியேறி, 101-ஐயோ 112-ஐயோ அழையுங்கள். குழலுக்குள் தண்ணீர் ஊற்றினால் சூடேறிய செங்கல் பிளந்துவிடும்.

ஓய்வு கொடுக்கும் முறை

கணப்பைப் பயன்படுத்துவதில்லை என்று தீர்மானித்தவர்கள், அதைச் செங்கல் வைத்து முற்றாக அடைத்துவிடுவது பெரும்பிழை. காற்றோட்டமற்ற குழலில் ஈரம் தேங்கி, பழைய கரியின் உப்பும் சேர்ந்து, அறைச்சுவரில் மஞ்சள் கறையாகப் பூக்கும். முதலில் குழலைச் சுத்தம் செய்து, மேலே முன்கூறிய கற்பலகையும் வலையும் இட்டு, கீழே கணப்பின் வாயை அடைக்கும் பலகையில் ஒரு செங்கல் அளவுக்குச் சல்லடை வைத்துக் காற்று ஓடவிடுவதே முறையான ஓய்வு. இடம் வேண்டுமென்று கீழ்த்தளத்துக் கணப்புச் சுவரை இடித்துவிட்டு, மேலே கூண்டை அப்படியே நிற்கவிடுவோரும் உண்டு. பல மணங்கு எடை அந்தரத்தில் தொங்கும் நிலை அது. பொறியாளரின் கணக்கும் தாங்கு உத்தரமும் இன்றி அங்கே ஒரு செங்கல்லையும் அசைக்கலாகாது.

வெந்நீர் அடுப்பும் கேஸ் கீசரும்

பசவனகுடி, மல்லேஸ்வரம் வீடுகளின் பின்கட்டில் இன்னும் இருக்கும் விறகு பாய்லர்களின் இரும்புக் குழாய், முழங்கை வளைவில்தான் முதலில் துருப்பிடித்து ஓட்டையாகும். ஆண்டுதோறும் தட்டிப் பாருங்கள். கல்நார் சிமெண்ட் குழாயாக இருந்தால் அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. விறகு அடுப்பையே தொடர்ந்து பயன்படுத்துவோர்க்கு இந்நகரிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் அ.கு.நா. ரெட்டி அவர்கள் 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா என்னும் அமைப்பு உருவாக்கிய ‘அஸ்த்ரா ஒலெ’ அடுப்பு, மூடிய தீயறையும் புகைபோக்கியும் கொண்டு, விறகையும் மிச்சப்படுத்தி, சமையலறையையும் புகையிலிருந்து விடுவித்தது.

கேஸ் கீசரின் கழிவு வாயுவைப் பழைய செங்கற் குழலுக்குள் விட்டுவிடலாம் என்று எண்ணுவது தவறு. அகன்ற, குளிர்ந்த குழலில் அது மேலெழாமல் திரும்பி வரும். காற்றோட்டமற்ற குளியலறையில் கீசர் வைத்து உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகள் ஏடுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. கீசரைக் குளியலறைக்கு வெளியே வைப்பதே பாதுகாப்பு.

ஆண்டு ஒழுங்கு

ஜனவரி முதல் மார்ச் வரை: உலர்ந்த வானிலை, சாரம் கட்டி சாந்து வேலைகளை இப்போதே முடிக்கவும்.

ஏப்ரல்: கோடையின் இடிமழை தொடங்குமுன் உச்சிக் கல்லையும் தகட்டையும் சரிபார்க்கவும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை: பெருமழைக்குப் பின் ஒவ்வொரு முறையும் அறைச்சுவர்களிலும் பரணிலும் கசிவு நோக்கவும், புதிதாக முளைத்த கன்றுகளை இளையதாகவே களையவும்.

நவம்பர்: குழலைத் துப்புரவு செய்து, சாம்பிராணிச் சோதனை நடத்தி, கணப்புள்ள தளத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் மின்கலத்தை மாற்றவும்.

இவ்வொழுங்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு, செய்த வேலையையும் பயன்படுத்திய சாந்தின் கலவையையும் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் அந்த வீட்டைக் காக்கப்போகிறவர், எந்தச் சுவரைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்பதை அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.